லாக்லெவலைக் குறைத்தால் கெர்னல் சிறுக்குமா?

8 ஜூன், இரவு 9.40

தக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டது (ஓபன்டபிள்யூஆர்டி என்பது ரவுட்டருக்கான லினக்ஸ், கெர்னல் அதன் மையக்கரு, ஃபிளாஷ் என்பது அணைத்தாலும் அழியாத சேமிப்புச் சிப், அதில் ஏற்றும் மொத்தக் கோப்புதான் இமேஜ்): "அண்ணே, 4 எம்பி ஃபிளாஷ் உள்ள பழைய ரவுட்டர் ஒன்றில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றப் பார்க்கிறேன். இமேஜ் பெரிதாகி ஏற மாட்டேன் என்கிறது. பூட் வரியில் லாக்லெவல் 3 என்று போட்டேன். செய்திகள் குறைந்தன, ஆனால் கெர்னல் ஒரு பைட் கூடக் குறையவில்லை. 0 போட வேண்டுமோ?"

0 போட்டாலும் குறையாது தம்பி. லாக்லெவல் என்பது எந்தச் செய்தி திரைக்கு வர வேண்டும் என்று கெர்னல் ஓடும்போது பார்க்கிற ஒரு எண். டிரைவர் எழுதியவர் பிரிண்ட்கே என்ற ஃபங்ஷனை அழைத்து ஒரு வாக்கியம் எழுதி வைத்திருப்பார், இந்தச் சிப் பதில் சொல்லவில்லை, அந்தக் கோப்பு முறைமை கெட்டிருக்கிறது என்பது போல. அந்த வாக்கியத்தின் எழுத்துகள் அத்தனையும், மூல நிரல் இயந்திர நிரலாகக் கம்பைல் ஆகும்போதே கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். எண்ணை எவ்வளவு இறக்கினாலும் அவை அங்கேயேதான் கிடக்கும். திரைக்கு வராமல் போவது மட்டும்தான் வித்தியாசம். திரைக்கு வராதவையும் ராமில் செய்திகளைச் சேர்த்துவைக்கும் ரிங் பஃபரில் ஏறத்தான் செய்யும், அதைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை கொடுத்துப் பாருங்கள், எல்லாம் வரிசையாக இருக்கும்.

நிலைகள் எட்டு. 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எர்ரர், 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபோ, 7 டீபக். எண் சிறுக்கச் சிறுக்க விஷயம் பெரிது. லாக்லெவல் 4 என்று வைத்தால் 4 வரை உள்ளவை திரைக்கு வரும், மற்றவை வராது.

கெர்னலின் உடம்பைக் குறைக்க வேண்டும் என்றால் கம்பைல் செய்வதற்கு முன்னால் கை வைக்க வேண்டும். அது பெரிய கதை, நாளை எழுதுகிறேன். இங்கே குலசேகரம் பக்கம் மழை பிடித்துவிட்டது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

9 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு பிழை. படுத்த பிறகுதான் உறைத்தது. லாக்லெவல் 4 என்றால் 4-ஐ விடச் சிறிய எண்கள்தான் திரைக்கு வரும், அதாவது 0 முதல் 3 வரை. வார்னிங் வராது. எர்ரர் வரும். பூட் வரியில் கொயட் என்று ஒரு சொல் போடுவோமே, அதுவும் வழக்கமாக இந்த 4-ஐத்தான் வைக்கிறது. அப்படியானால் தம்பி வைத்த 3-இல் எர்ரர் கூட வராது. புதிதாக இமேஜ் கட்டி ஏற்றிப் பார்க்கும் நேரத்தில் எர்ரரை மறைத்து வைப்பது ஆபத்து. முதலில் அதை 8 ஆக்குங்கள், எல்லாம் வரட்டும்.

பிராக் அடைவுக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் பிரிண்ட்கே என்ற கோப்பைத் திறந்தால் நான்கு எண்கள் இருக்கும். பல கணினிகளில் 7 4 1 7 என்று பார்த்திருப்பீர்கள். முதல் எண்தான் இப்போது நடப்பில் உள்ள வாசல், அதாவது லாக்லெவல். இரண்டாவது, நிலை எதுவும் குறிப்பிடாமல் எழுதிய செய்திக்கு என்ன நிலை என்பது. மூன்றாவது, வாசலை அதற்குக் கீழே இறக்க முடியாது என்கிற எல்லை. நான்காவது, வாசலின் வழக்கமான மதிப்பு. நான் பல வருடம் இரண்டாவது எண்ணைத்தான் வாசல் என்று நினைத்து மாற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறாது. ஏன் மாறவில்லை என்றும் புரியாது.

9 ஜூன், இரவு 10.05

சரி, உடம்பைக் குறைக்கும் கதை. முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

எங்கள் மாமாவுக்குக் குலசேகரத்துக்கு மேலே கொஞ்சம் ரப்பர் உண்டு. மழை கணக்கு அவருக்கு முக்கியம். விடியும் முன்னால் மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்ட முடியாது, வெட்டின பிறகு பெய்தால் சிரட்டையில் விழுந்த பால் மழைத் தண்ணீரோடு போகும். அதனால் ஷீட் அடிக்கிற கொட்டகையில் ஒரு பெட்டி வைத்துக் கொடுத்தேன். பழைய ரவுட்டர், 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். கூரையில் மழைமானி. அதற்குள் சின்னத் தராசு போல ஒரு கிண்ணம், 0.2 மில்லிமீட்டர் மழை விழுந்ததும் ஒரு பக்கமாகச் சாயும், சாயும்போது ஒரு சுவிட்ச் தட்டும். அந்த சுவிட்சின் வயரை ரவுட்டரின் ரீசெட் பட்டன் இருக்கும் இடத்தில் பற்றவைத்தேன். பட்டன் அமுங்கியதாக ரவுட்டர் நினைக்கும், ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், அது வைஃபை வழியாகக் கணக்கை அனுப்பும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் பெட்டி சாகாது.

இமேஜ் பெரிதாக இருந்தது, ஏறவில்லை. தம்பிக்கு வந்த அதே பிரச்சினைதான். கட்டமைப்புப் பட்டியலில் பிரிண்ட்கேயை மொத்தமாக எடுத்துவிடும் வசதி ஒன்று உண்டு. எடுத்தால் செய்தி வாக்கியங்களில் பெரும்பகுதி கெர்னலில் இருந்தே போய்விடும், கெர்னல் ஏறக்குறைய ஊமையாகிவிடும். அந்த இடத்தில் உதவிக் குறிப்பைப் படித்தால், இதை எடுத்துவிட்டால் கோளாறு கண்டுபிடிப்பது மிகக் கடினம், எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே எழுதியிருக்கும். நான் படித்தேன், படித்துவிட்டு எடுத்தேன். மழை எண்ணுகிற பெட்டிக்குப் பேச்சு எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

இமேஜ் ஏறியது. மே மாதம் முழுக்க நன்றாக ஓடியது. ஜூன் மாத மழை வந்ததும் பெட்டி சாக ஆரம்பித்தது.

9 ஜூன், இரவு 10.50

பாதியில் விட்டது. மாமா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மருமோனே, ஒனக்க பெட்டி வெயிலடிச்சா கணக்கு சொல்லுது, மழ பெஞ்சா மிண்டாம கெடக்கு."

மூன்று தடவை போனேன். ஜூனில் ரப்பர் தோட்டத்தில் நடப்பது என்றால் அட்டைக்குக் கால் கொடுப்பது. போய்ப் பார்க்கும்போது பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருக்கும். அதாவது தானாக மறுதுவக்கம் ஆகியிருக்கிறது. ஏன்? டிமெசேஜ் கொடுத்தால் ஒன்றுமில்லை. கெர்னலுக்கு வாயே இல்லையே, நான்தான் பிடுங்கி வைத்திருந்தேன். பேட்டரி என்று நினைத்து பேட்டரியை மாற்றினேன். இடி என்று நினைத்து எர்த் கம்பி போட்டேன். ஈரம் என்று நினைத்துப் பெட்டியைச் சுற்றி ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற மழைக்காப்பு பிளாஸ்டிக்கைக் கட்டினேன். எதுவும் உதவவில்லை, எல்லாம் குத்துமதிப்பான வைத்தியம்தான்.

நான்காவது முறை போவதற்கு முன்னால் பிரிண்ட்கேயைத் திரும்பச் சேர்த்து, இடத்துக்காக ரவுட்டரின் இணையப் பக்கத்தை, அதுதான் அந்த லூசி, தூக்கிப் போட்டு புது இமேஜ் கட்டினேன்.

10 ஜூன், மதியம் 1.20

மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: பிரிண்ட்கே இருந்தாலும் என்ன பயன், டிமெசேஜ் காட்டும் ரிங் பஃபர் ராமில்தானே இருக்கிறது, மறுதுவக்கம் ஆனதும் அழிந்துவிடுமே?

சரியான கேள்வி அண்ணே. அழிந்துதான் போகும். பிரிண்ட்கே இருந்தும், நான் அடுத்த நாள் போய் டிமெசேஜ் கொடுத்திருந்தால் புதிதாகத் துவங்கிய கதை மட்டும்தான் கிடைத்திருக்கும், செத்த கதை கிடைத்திருக்காது. அதனால் பலகையில் உள்ள சீரியல் முனைகளில் யூஎஸ்பி டிடிஎல் வயரை மாட்டி லேப்டாப்பில் போட்டுக்கொண்டு கொட்டகையிலேயே இரவு தங்கினேன். தரை, அனுப்புவது, வாங்குவது என்று மூன்று வயர் மட்டும்தான் மாட்ட வேண்டும், மின்சாரம் தரும் நான்காவது வயரை மாட்டாதீர்கள், வயரும் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும், 5 வோல்ட் வகையை மாட்டினால் சிப் போய்விடும். வேகம் 115200. சீரியல் கம்பியில் ஓடி வந்த எழுத்து லேப்டாப்பில் விழுந்துவிட்டால் அப்புறம் பெட்டி செத்தாலும் எழுத்து சாகாது.

ரேமூப்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது, ராமில் ஒரு துண்டை ஒதுக்கி வைத்து, மறுதுவக்கத்துக்குப் பிறகும் அங்கே மிச்சம் இருப்பதை எடுத்துப் படிக்கும் ஏற்பாடு. நெட்கன்சோல் என்று இன்னொன்று, செய்திகளை யூடிபி பொட்டலமாக வேறொரு கணினிக்கு அனுப்பும். இரண்டுமே நல்லவை, ஆனால் 4 எம்பி பெட்டியில் இவற்றைச் சேர்க்கவும் இடம் வேண்டும், பிரிண்ட்கே இல்லாமல் இவற்றுக்கு வேலையும் இல்லை.

10 ஜூன், இரவு 9.30

அந்த இரவு நடந்தது.

பதினொன்றரை மணிக்கு மழை வந்தது. காற்றில் எங்கோ ஒரு கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்திருக்க வேண்டும், மாமா வீட்டில் கரண்ட் போனது. வீட்டு வைஃபை இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே போகும் இணையம் மட்டும் இல்லை. லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. பெட்டி ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் பச்சை விளக்கு மின்னியது. ஒன்றே கால் மணிக்குத் திரையில் வரிகள் பாய்ந்தன. ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், நினைவகம் கேட்டு ஓஓஎம் கில்லரை எழுப்பியிருக்கிறது என்று ஒரு வரி. நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று இடம் பிடிக்கும் கெர்னல் பகுதி அது. பிறகு நினைவகக் கணக்கு. பிறகு அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸ்களின் நீண்ட பட்டியல். கடைசியில், நினைவகம் தீர்ந்தது, இன்ன பிராசஸைக் கொன்றேன் என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் பெட்டி திணறி, பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று கவனிக்கும் வாட்ச்டாக் டைமருக்குப் பதில் சொல்ல மறந்தது, அது பெட்டியை மறுதுவக்கம் செய்துவிட்டது.

பட்டியலைப் பார்த்த உடனே விஷயம் விளங்கியது. டபிள்யூகெட், எஸ்எச், டபிள்யூகெட், எஸ்எச் என்று வரிசை வரிசையாக நின்றன. எஸ்எச் ஸ்கிரிப்டை ஓட்டுவது, டபிள்யூகெட் இணையத்தோடு பேசுவது. என்னுடைய ஸ்கிரிப்ட்தான். கணக்கு போய்ச் சேரும்வரை திரும்பத் திரும்ப முயல் என்று எழுதியிருந்தேன், ஒவ்வொரு தட்டுக்கும் தனி ஸ்கிரிப்ட் ஓடும். இணையம் இருந்தால் நொடியில் முடிந்துவிடும். இணையம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டும் ஒரு பிராசஸைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போகும். 32 எம்பி ராமில் அப்படி நாற்பது சேர்ந்தால் போதும், நாற்பது தட்டு என்றால் 8 மில்லிமீட்டர் மழை. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் கனமழை என்பது ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரில் இருந்து தொடங்குகிறது, அதற்கு முந்நூறு தட்டுக்கு மேல். பெட்டி அந்தக் கணக்கை எட்டியே பார்க்காமல் செத்துக்கொண்டிருந்தது. மாமா சொன்னதுதான் சரி, மழை பெய்தால் மட்டும் சாகிற பெட்டி, சரியாகச் சொன்னால் மழையும் இணையத் தடையும் சேர்ந்தால் மட்டும்.

ஸ்கிரிப்டை மாற்ற பத்து நிமிடம் ஆனது. தட்டு விழுந்தால் ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு முடிந்துவிடும். அனுப்புவதற்கு ஒரே ஒரு பிராசஸ், அதற்கு 20 நொடி எல்லை. அவ்வளவுதான்.

11 ஜூன், காலை 7.00

தம்பி மறுபடி கேட்கிறார், அப்போ எதை எடுத்து அளவைக் குறைப்பது என்று. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். சைஸ் என்ற கட்டளையை விஎம்லினக்ஸ் கோப்பின் மேல், அதாவது அமுக்குவதற்கு முந்தைய கெர்னலின் மேல், ஓட்டினால் நிரல், தரவு, பிஎஸ்எஸ் (தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்கும் தரவு) என்று பிரித்துக் காட்டும். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் புளோட்டோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு விஎம்லினக்ஸைக் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் கூடியது, எத்தனை குறைந்தது என்று வரிசையாகச் சொல்லும். அதை எழுதியவர் மாட் மக்கால், 2003 டிசம்பரில் லினக்ஸ் டைனி என்ற பெயரில் சின்னக் கருவிகளுக்காகக் கெர்னலை இளைக்க வைக்கும் வேலையைத் தொடங்கியவர். கோப்பின் மொத்த அளவை மட்டும் பார்த்து பயப்படாதீர்கள், டீபக் தகவல் சேர்ந்திருந்தால் விஎம்லினக்ஸ் பூதம் போலத் தெரியும், ஆனால் அது ஃபிளாஷில் ஏறாது, கழற்றிவிட்டுத்தான் ஏறும்.

எடுக்கத் தகுந்தவை: உங்கள் பலகையில் இல்லாத சிப்புகளின் டிரைவர்கள், பயன்படுத்தாத கோப்பு முறைமைகள், நெறிமுறைகள். ஃபங்ஷன் பெயர்களைக் கெர்னலுக்குள்ளேயே வைத்திருக்கும் கால்சிம்ஸ் ஒன்று. அதை எடுத்தால் கெர்னல் விழும்போது பெயருக்குப் பதிலாக வெறும் முகவரி எண்கள்தான் வரும், கட்டிய கணினியில் சிஸ்டம்.மேப் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு பொருத்திக்கொள்ளலாம், அதனால் எனக்கு அது சம்மதம். டைனமிக் டீபக் இருந்தால் எடுத்துவிடுங்கள், டீபக் நிலைச் செய்திகள் அத்தனையையும் உள்ளே சேர்ப்பது அதுதான், அதனால் கெர்னலின் நிரல் பகுதி சுமார் 2 சதவீதம் கூடும் என்று அதன் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. வேகத்துக்குப் பதில் அளவுக்காகக் கம்பைல் செய்யும் தேர்வும் இருக்கிறது.

2014-இல் ஜாஷ் டிரிப்லெட் சேர்த்த டைனிகான்ஃபிக் என்ற ஒரு தொடக்கப் புள்ளியும் உண்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மிகச் சிறிய கெர்னலைக் கட்டும். அதில் பிரிண்ட்கேயும் கிடையாது. ரவுட்டருக்கு அதில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நீண்ட வேலை, நான் இரண்டு நாள் முயன்றுவிட்டு ஓபன்டபிள்யூஆர்டியின் கட்டமைப்புக்கே திரும்பினேன்.

11 ஜூன், காலை 7.25

பிரிண்ட்கேயை எடுப்பதில் கிடைக்கும் லாபம் பற்றி ஒன்று. சைஸ் கட்டளை காட்டும் குறைவு பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஃபிளாஷில் கெர்னல் அமுக்கப்பட்டு இருக்கிறது. ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் நன்றாக அமுங்கும், இயந்திர நிரல் அந்த அளவுக்கு அமுங்காது. ஆகவே ராமில் முழு லாபம் கிடைக்கும், ஃபிளாஷில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். எனக்குத் தட்டுப்பாடு ஃபிளாஷில். ராமில் இடம் வேண்டும் என்றால் ரிங் பஃபரைச் சுருக்கலாம், அதன் அளவை 2-இன் அடுக்காகக் கொடுப்பார்கள், 17 என்றால் 128 கேபி, 14 என்றால் 16 கேபி. செய்தி எதையும் கெர்னலில் இருந்து வெட்டாமல் ராமில் நூறு கேபிக்கு மேல் மிச்சம். பழைய செய்திகள் சீக்கிரம் அழிந்துபோகும் என்பது மட்டும் உண்டு.

11 ஜூன், இரவு 11.10

மொத்தமாக எடுக்காமல், மொத்தமாக வைக்காமல், நிலை பார்த்து எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இன்ஃபோவும் டீபக்கும் கம்பைலின் போதே போகட்டும், எர்ரரும் வார்னிங்கும் இருக்கட்டும். எனக்கும் இதுதான் சரியான வழி என்று ரொம்ப நாளாகத் தோன்றியது, இப்படி ஒரு தேர்வு கெர்னலில் இருந்திருந்தால் நான் மூன்று முறை அட்டைக் கடி வாங்கியிருக்க மாட்டேன் என்று இன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெர்னலின் மூலத்தில் இப்படி ஒரு தேர்வு இல்லை. காரணம் பிரிண்ட்கே பிறந்த விதத்தில் இருக்கிறது. 1991-இல் வந்த 0.01 பதிப்பிலேயே பிரிண்ட்கே உண்டு. நிலை என்பது பிறகு சேர்ந்தது, அதுவும் தனி மதிப்பாகச் சேரவில்லை, வாக்கியத்தின் தலையில் ஒட்டிய எழுத்தாகச் சேர்ந்தது. எர்ரர் என்று எழுதி அதன் பக்கத்திலேயே வாக்கியத்தை எழுதுவார்கள், நடுவில் காற்புள்ளி கிடையாது. கம்பைலர் இரண்டையும் ஒட்டி ஒரே சரமாக்கிவிடும். முன்பு அந்த ஒட்டு கோண அடைப்புக்குள் 3 என்று இருந்தது, 2012-இல் அதை மாற்றி அஸ்கி எழுத்து வரிசையில் 1 என்ற எண் கொண்ட கட்டுப்பாட்டு எழுத்தும் 3-உம் ஆக்கினார்கள். வாக்கியத்துக்குள் ஒட்டிப் போனதை, இது 4-க்கு மேலா கீழா என்று கம்பைலின் போது பார்த்து வெட்டுவது எளிதல்ல. காற்புள்ளி வைத்திருந்தால் ஒரு மேக்ரோவில், அதாவது கம்பைலின் போது விரியும் ஒரு குறுஞ்சொல்லில், முடிந்திருக்கும். டீபக் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதற்கான தனி மேக்ரோவில் எழுதினால், டீபக்கை இயக்கிக் கட்டாதவரை அது ஒன்றுமில்லாமல் போய்விடும்.

இப்போது எர்ரருக்கும் வார்னிங்குக்கும் கூடத் தனித்தனி மேக்ரோக்கள் இருப்பதால், புதிதாக எழுதப்பட்ட இடங்களில் வெட்ட முடியும். நானே கெர்னலுக்கு அப்படி ஒரு திருத்தம் எழுதிப் பார்க்கலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

12 ஜூன், காலை 5.40

எழுதவில்லை. நேற்று இரவு எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது.

வெட்டுவதற்கு முன்னால், அந்த இரவு லேப்டாப்பில் பிடித்து வைத்திருந்த வரிகளை எடுத்து, எது எந்த நிலை என்று மூலத்தில் தேடினேன். கொன்றேன் என்கிற கடைசி வரி எர்ரர் நிலை, 3. ஓஓஎம் கில்லரை எழுப்பியது யார் என்கிற முதல் வரி வார்னிங், 4. ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறதே, டபிள்யூகெட் வரிசையாக நின்ற பட்டியல், அது இன்ஃபோ. 6.

நான் வெட்டத் துணிந்தது அதைத்தான். அது இல்லாமல் எர்ரர் வரி மட்டும் வந்திருந்தால் ஒரு பிராசஸ் கொல்லப்பட்டது என்று தெரிந்திருக்கும், ஏன் என்று தெரிந்திருக்காது. முதல் சுற்றில் கொல்லப்பட்டது டபிள்யூகெட் கூட அல்ல, பெரியதாக இருந்த வேறொரு பிராசஸ். நான் அந்தப் பிராசஸைத்தான் குற்றம் சொல்லி, அதை எடுத்துவிட்டு, மறுபடி காத்திருந்திருப்பேன்.

நிலை என்பது அந்த வரியை எழுதியவர் எழுதும் நேரத்தில் நினைத்த முக்கியம். பட்டியல் என்பது கூடுதல் தகவல், அதனால் இன்ஃபோ, அவர் நினைத்தது தவறே இல்லை. எனக்கு அந்த இரவில் எது முக்கியம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? திரையில் மறைக்க நிலையைப் பயன்படுத்தலாம், ஏனென்றால் மறைத்தது உள்ளே இருக்கும், வேண்டும்போது எடுக்கலாம். வெட்டினால் எடுக்க முடியாது. அதனால் என் முடிவு மாறிவிட்டது. வெட்டுவதானால் பகுதி பார்த்து வெட்டுவேன், இந்த டிரைவர் வேண்டாம், அந்த நெறிமுறை வேண்டாம் என்று முழுதாக. அதோடு அதன் செய்திகளும் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. இருக்கிற பகுதிகள் முழு வாயோடு இருக்கட்டும்.

12 ஜூன், இரவு 8.15

மார்த்தாண்டத்து அண்ணன்: எல்லாச் செய்தியையும் சீரியலுக்கு அனுப்பினால் பெட்டி மெதுவாகிவிடாதா?

ஆகும் அண்ணே. 115200 என்றால் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்து, ஒரு எழுத்துக்கு 10 பிட் செலவாகிறது. 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லிநொடி. அந்த பிராசஸ் பட்டியல் 80 வரி என்று வைத்துக்கொண்டால் அரை நொடிக்கு மேல் கெர்னல் சீரியல் கம்பியையே பார்த்துக்கொண்டு நிற்கும். 9600 வேகம் என்றால் அதுவே ஆறேழு நொடி, ஏற்கெனவே திணறும் பெட்டியை அது இன்னும் அமுக்கும். ஆகவே தோட்டத்தில் சும்மா ஓடும்போது வாசல் 4, ரிங் பஃபரில் மட்டும் எல்லாம். கோளாறு தேடும் இரவில் டிமெசேஜ் கட்டளையிலேயே வாசலை 8 ஆக்கிவிடுவேன், கெர்னலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. தம்பி முதலில் கேட்ட லாக்லெவலுக்கு உண்மையான வேலை இதுதான்.

14 ஜூன், மாலை 6.50

தக்கலைத் தம்பி எழுதியிருக்கிறார், இமேஜ் ஏறிவிட்டது! பிபிபி என்ற இணைப்பு நெறிமுறையையும் இணையப் பக்கத்தையும் எடுத்தாராம், பிரிண்ட்கேயைத் தொடவில்லை. ரொம்ப சந்தோஷம். ஆனால் புதிதாக ஒரு சிக்கல்: "அண்ணே, வைஃபை பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் வைத்துச் சேமிக்கிறேன். அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடுகிறது."

தம்பி, டிமெசேஜ் கொடுத்துப் பாருங்கள், ஜேஎஃப்எஃப்எஸ்2, அதாவது ஃபிளாஷில் எழுதுவதற்கான கோப்பு முறைமை, பற்றி ஏதாவது வரி இருக்கிறதா?

14 ஜூன், இரவு 7.35

இருக்கிறது. அழிப்புத் துண்டுகள், அதாவது ஃபிளாஷில் ஒரே தடவையில் அழிக்கும் துண்டுகள், போதவில்லை, 4 மட்டுமே என்று தம்பிக்கு வந்திருக்கிறது.

அதுதான் காரணம். இப்படிப்பட்ட பல ரவுட்டர்களில் 4096 கேபி ஃபிளாஷில் பூட்லோடருக்கு 128 கேபி, கடைசியில் ரேடியோ அளவீடுகளுக்கு 64 கேபி போக, ஃபர்ம்வேருக்கு 3904 கேபி கிடைக்கும். அதில் கெர்னலும் மூல அடைவும் போக மிச்சம் உள்ள இடத்தில்தான் உங்கள் அமைப்புகளை ஜேஎஃப்எஃப்எஸ்2 சேமிக்கும். அதற்குக் குறைந்தது 5 துண்டு வேண்டும். துண்டு 64 கேபி என்றால் 320 கேபி. உங்களிடம் 4 துண்டு, 256 கேபிதான் மிச்சம் இருந்திருக்கிறது. இமேஜ் ஏறியது, ஆனால் சேமிக்கும் இடம் ஏற்கப்படவில்லை, அதனால் ரவுட்டர் ராமில் தற்காலிகமாக எழுதிக்கொண்டு ஓடுகிறது, அணைத்ததும் போகிறது. இன்னும் 64 கேபி குறையுங்கள். அல்லது ஃபிளாஷ் சிப் ஆதரித்தால் 4 கேபி துண்டுகளாகப் பயன்படுத்தும் தேர்வோடு கட்டுங்கள், அப்போது 5 துண்டு என்பது வெறும் 20 கேபி.

பிரிண்ட்கேயை எடுத்திருந்தால் 64 கேபி கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைக்காமல் போயிருந்தால் இந்த வரியைச் சொல்ல ஆள் இருந்திருக்காது, நீங்கள் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

16 ஜூன், காலை 6.30

தம்பி 4 கேபி துண்டோடு கட்டி ஏற்றி, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டாராம். அமைப்புகள் நிற்கின்றன.

இங்கே நேற்று இரவு கரண்ட் போய் விடியும்வரை வரவில்லை. மாமாவின் பெட்டி காலை ஆறு மணிக்கு, இணையம் வந்ததும், வரிசையில் நின்ற தட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பியது. 361 தட்டு, 72.2 மில்லிமீட்டர். மறுதுவக்கம் இல்லை, எர்ரர் வரியும் இல்லை. இன்றைக்குப் பால் வெட்டு கிடையாது என்று மாமா வெட்டுகாரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.